சட்ட உதவி மையத்தில் இன்டர்ன்ஷிப்: மாணவரின் எல்லையும் உரிமையும்

இன்டர்ன்ஷிப் என்றதும் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ஹைகோர்ட் சீனியரின் ஆபீஸ்தான் நினைவுக்கு வரும். ஆனால் பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் தொண்டு நிறுவனங்களையும் ஏற்கின்றன. மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் பயிற்சி வேண்டும். ஒரு கல்வியாண்டில் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் செய்ய முடியாது.

முஸ்லிம் பெண்களின் சட்ட உரிமைக்காக இயங்கும் அமைப்புகள் பல ஊர்களில் உண்டு. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் தொடங்கிய ஸ்டெப்ஸ், மும்பையின் ஆவாஸ்-எ-நிஸ்வான் ஆகியவை பலரும் அறிந்தவை. இப்படிப்பட்ட இடங்களில் பயிற்சி பெறும் மாணவர் அரைகுறையாக ஒரு பதில் சொன்னாலும், எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் ஜீவனாம்சமோ மறுமணமோ சிக்கலாகிவிடும். அதனால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

மேஜைக்கு வரும் காகிதங்கள்

பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டு, பிள்ளைகளின் ஆதார், ஜமாஅத் தஃப்தரிலிருந்து எடுத்த நிக்காஹ் நகல், கூடவே லெட்டர்பேடில் அச்சடித்த ஒரு குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) சான்றிதழ். "இது இருந்தா விவாகரத்து ஆயிடுச்சுதானேம்மா?" என்று கேட்கிறார் வந்தவர். ஆகவில்லை. ஷரீஅத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது, பெண் குடும்ப நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தெளிவுபடுத்திவிட்டது. அந்தச் சான்றிதழை நம்பி மறுமணம் செய்தால் வம்பு.

ஆனால் இதை அவருக்குச் சொல்ல வேண்டியவர் மையத்தின் வழக்கறிஞர். உங்கள் வேலை, நடந்ததைத் தேதிவாரியாக எழுதுவது. மஹர் என்னும் மணக்கொடை எவ்வளவு, கொடுத்தார்களா? நகையும் சீரும் இப்போது யாரிடம் இருக்கின்றன? தலாக் சொன்னது என்றைக்கு, நேரிலா வாட்ஸ்அப்பிலா? இத்தா என்னும் காத்திருப்புக் காலம் முடிந்ததா? வழக்கு இந்த விவரங்களின் மேல்தான் நிற்கும்.

அடிப்படைச் சட்டங்கள்

மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்ற ஷா பானு தீர்ப்பு 1985இல் வந்தது. அடுத்த ஆண்டே மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்களுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி, முன்னாள் மனைவியின் எதிர்காலத்துக்கும் போதுமான ஏற்பாட்டைக் கணவர் இத்தா காலத்துக்குள் செய்துவிட வேண்டும் என்று 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவிலும் அந்தப் பெண் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று அதே நீதிமன்றம் 2024 ஜூலை 10இல் உறுதி செய்தது. புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 144ஆவது பிரிவு.

ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2017 ஆகஸ்ட் 22 தீர்ப்பு. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. போலீஸ் வழக்குப் பதிய, அந்தப் பெண்ணோ அவருடைய ரத்த உறவினரோ திருமண வழி உறவினரோ தகவல் தர வேண்டும். ஆவேசப்பட்டு நீங்கள் ஸ்டேஷனுக்கு ஓடிப் பயனில்லை. புகார் கொடுப்பதா, ஜீவனாம்சம் மட்டும் கேட்பதா என்பது அவருடைய முடிவு.

செய்யக் கூடாதவை

வழக்கறிஞராகப் பதியாமல் நீதிமன்றத்தில் தொழில் செய்தால் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை. கட்சிக்காரரின் காகிதத்தைச் சொந்த போனில் படமெடுக்காதீர்கள். பெயரை மறைத்துக்கூட அவர் கதையை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். சின்ன ஊரில் இரண்டு விவரம் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம்.

ரகசியம் காப்பதற்கு விதிவிலக்கும் உண்டு. 18 வயது நிரம்பாதவர்மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால், போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். உடனே பொறுப்பு வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

உங்கள் உரிமைகள்

காலம், வேலை நேரம், மேற்பார்வையாளர் பெயர், உதவித்தொகை உண்டா இல்லையா, எல்லாவற்றையும் சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். பணம் கட்டினால் சான்றிதழ் என்று சொல்லும் இடத்தை விட்டு விலகுங்கள். பயிற்சி டைரியை அன்றன்றைக்கே எழுதி வாருங்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளமில்லாமல் பணிபுரியும் பெண்ணையும், பயிற்சி பெறுபவரையும் காக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடமென்றாலும், புகாரே நிறுவனத் தலைவர்மீது என்றாலும், மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும். தொண்டு நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

வழக்கறிஞர் இல்லாத நேரத்தில் யாராவது வந்தால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100. வீட்டில் அடி உதை என்றால் 181. இரண்டையும் எழுதிக் கொடுங்கள்.