கருத்துப்பெட்டி அவையாகுமா? இணைய ஆய்விதழ்களில் வாசகர் உரையாடல்

முன்னுரை

இணைய ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானபின் அதை ஏற்றவர் யார், மறுத்தவர் யார் என்பது பெரும்பாலும் எழுதியவருக்கே தெரிவதில்லை. மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் பதிப்பாசிரியரோடு நின்றுவிடுகின்றன. நூலை அவையில் அரங்கேற்றி, எழுந்த தடைகளுக்கு விடை கூறுவது தமிழ்ப் புலமை மரபில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். அத்தகைய அவையை இணையத்தில் அமைக்க இயலுமா என்பதைப் பிறநாட்டு இதழ்கள் மூன்றின் பட்டறிவைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மூன்று முயற்சிகள்

‘நேச்சர்’ இதழ் 2006ஆம் ஆண்டு ஜூன் முதல் நான்கு மாதங்கள் ஒரு சோதனையை நடத்தியது. மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்ட 1,369 கட்டுரைகளுள், வரைவைப் பொதுப் பார்வைக்கு வைக்க ஆசிரியர்கள் இசைந்தவை 71 மட்டுமே. அவற்றுள் 33 கட்டுரைகளுக்கு ஒரு கருத்துகூட வரவில்லை. எஞ்சிய 38 கட்டுரைகளுக்கும் சேர்த்து வந்தவை 92. சோதனை கைவிடப்பட்டது. வழக்கமான மறைமுக மதிப்பீடும் உடன் நடந்துகொண்டிருந்தமையால், தம் கருத்து இன்றியமையாதது என்று எவரும் உணர வாய்ப்பில்லாமற் போயிற்று என்பதே இதற்குக் காரணமெனத் தோன்றுகிறது.

2001இல் தொடங்கப்பெற்ற ‘அட்மாஸ்பெரிக் கெமிஸ்ட்ரி அண்ட் பிசிக்ஸ்’ உரையாடலையே மதிப்பீடாக்கியது. முதற்கட்டச் சரிபார்ப்புக்குப்பின் வரைவு வெளியிடப்படும். சில வாரங்களுக்கு மதிப்பீட்டாளர் குறிப்பும், பிற வாசகர் கருத்தும், ஆசிரியர் விடையும் அருகருகே இடம்பெறும். மதிப்பீட்டாளர் தம் பெயரை மறைக்கலாம். மற்றவர் பெயரிட்டே எழுத வேண்டும். உரையாடல் முழுவதும் நிலையாகப் பேணப்படுவதால் அதை மேற்கோளாகவும் காட்டலாம். இங்கும் பிற வாசகர் கருத்துகள் ஏறத்தாழ நான்கில் ஒரு கட்டுரைக்கே வருகின்றன. பணியமர்த்தப்பட்ட மதிப்பீட்டாளரே உரையாடலைத் தாங்குகின்றனர். தாமாக வருவோர் அதில் கலந்துகொள்கின்றனர்.

இலக்கிய ஆய்வுக்கு நெருக்கமானது ‘ஷேக்ஸ்பியர் குவார்ட்டர்லி’ 2010இல் செய்தது. இன்னும் ஏற்கப்படாத நான்கு கட்டுரைகளை ‘மீடியா காமன்ஸ்’ தளத்தில் வைத்து, துறையறிஞர் சிலரை அழைத்தது. பெயரைப் பதிந்துகொண்ட பிறரும் எழுதலாம். 41 பேர் 350க்கு மேற்பட்ட கருத்துகளை எழுதினர். பலவற்றுக்கு ஆசிரியர்களே விடையளித்தனர். திருத்திய வடிவங்களைப் படித்து இறுதி முடிவெடுத்தவர்கள் பதிப்பாசிரியர்கள். கட்டுரைகள் நான்கே என்பதும், அழைப்பு ஆள்பெயர் குறித்துச் சென்றது என்பதும் கருதத்தக்கவை.

தமிழாய்வுச் சூழலில்

தமிழாய்வுக்கு இத்தகைய உரையாடலின் தேவை மிகுதி. சங்கப் பாடலில் வரும் ஒரு மரத்தின் பெயர், மீன்பிடிக் கருவியைக் குறிக்கும் ஒரு சொல், கல்வெட்டில் சிதைந்த ஓர் எழுத்து ஆகியவற்றைப் பற்றி மதிப்பீட்டாளர் இருவருக்குத் தெரியாதது நெய்தல் நிலத்து வாசகர் ஒருவருக்கோ ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கோ தெரிந்திருக்கக்கூடும். அவரிடம் அதைக் கேட்பதற்கான இடம் நம் ஆய்விதழ்களில் அரிது.

தடை வேறிடத்தில் உள்ளது. மூத்த பேராசிரியர் ஒருவர் கொண்ட பாடம் தவறு என்று காணும் ஆய்வு மாணவர், நாளை அவரே தம் வாய்மொழித் தேர்வுக்குத் தேர்வாளராக வரக்கூடும் என்பதையும் அறிவார். பெயரிட்டு எழுதுக என்ற நெறி மேலைநாட்டில் பொறுப்பை வளர்த்திருக்கலாம். இங்கு அது மாணவரின் வாயை அடைக்கும். முற்றிலும் பெயரற்ற கருத்தோ வசைக்கு வழிவிடும். எழுதுபவர் யாரென்று பதிப்பாசிரியர் மட்டும் அறிந்து, கருத்தைப் புனைபெயரில் வெளியிடுவது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. பின்னாளில் அவர் விரும்பினால் தம் பெயரை வெளிப்படுத்திக்கொள்ள இடமிருக்க வேண்டும். நல்ல திருத்தத்தின் உரிமை அவருக்குச் சேரவேண்டியதன்றோ!

ஓர் இதழில் வரவிருக்கும் கட்டுரைகளுள் இரண்டை மட்டும் வரைவாக வைத்து, ஐந்தாறு பேரைப் பெயர் குறித்து அழைத்து, ஒரு மாதக் கெடு விதித்துத் தொடங்கலாம். பத்திதோறும் கருத்தெழுத உதவும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அழைப்பு மடல்களை எழுதவும், விடை தராத ஆசிரியருக்கு நினைவூட்டவும் பொறுப்பான ஒருவர்தாம் வேண்டும்.