உத்தியோகத் தொடர்பும் அந்தரங்கமும்

புனே நகரின் கிழக்கே, முளா-முட்டா நதியை அடுத்துள்ளது கராடி. 'இயான்' தகவல் தொழில்நுட்பப் பூங்கா முதலியவை எழுந்தபின், அது கணினித் துறையினரின் பேட்டையாகிவிட்டது. அங்கே வேலை பார்ப்போரிலும் தேடுவோரிலும் தமிழ் இளைஞர்களும் உளர். பழைய சிபாரிசுக் கடிதத்தின் இடத்தில் இன்று அவர்களுக்கு நிற்பது, லிங்க்டின் போன்ற இணையச் சேவை.

2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கிய லிங்க்டினை, 2016-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் 2,620 கோடி டாலர் விலை பேசி வாங்கியது. இத்தகைய சேவை வளர்வது எவ்வாறு? கூட்டமில்லாத சந்தையில் கடை விரிப்பாரில்லை. உறுப்பினர் சிலரே உள்ள இடத்தை வேலை தருவோரும் நாடமாட்டார். ஆகவே, ஓர் உறுப்பினரைக் கொண்டே பிறரை அழைப்பது இதன் வளர்ச்சி முறையாயிற்று.

சிக்கல் பிறப்பதும் இங்கேதான். உறுப்பினர் தம் மின்னஞ்சல் முகவரி ஏட்டைக் காட்ட இசைந்தால், அதிலுள்ளோருக்கு அவர் பெயரால் அழைப்புச் சென்றது. மறுமொழி வராவிடில் நினைவூட்டல்களும் தொடர்ந்தன. இதை எதிர்த்து 2013-இல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுக்கப்பட்டது. முதல் அழைப்புக்கு அளித்த இசைவு நினைவூட்டல்களுக்கும் செல்லுமா என்பதே முக்கியக் கேள்வி. 2015-இல் 1 கோடியே 30 லட்சம் டாலர் அளிக்க நிறுவனம் இசைந்து, வழக்குச் சமரசத்தில் முடிந்தது. முகவரி ஏடு நம்முடையதாயினும், அதிலுள்ள முகவரிகள் பிறருடையவை என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

ஓரிடத்தில் குவிந்த விவரம் களவாடப்படுவதும் உண்டு. 2012-இல் லிங்க்டினில் களவுபோன கடவுச்சொற்கள் சுமார் 65 லட்சம் என்றே முதலில் அறியப்பட்டது. உண்மைத் தொகை 10 கோடிக்கும் மேல் என்பது 2016-இல்தான் தெரியவந்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என நம் உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. ஒருவரது விவரங்களைத் திரட்டத் தெளிவான இசைவு வேண்டும், அளித்த இசைவை எளிதில் திரும்பப் பெறவும் வழி வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. ஆயினும், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட விவரங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. சட்டத்தின் காவல் நின்றுவிடும் அவ்விடத்தில் நம் எச்சரிக்கையே துணை.

கல்வியும் அனுபவமும் வேலை தருவோர் அறிய வேண்டியவை. பிறந்த தேதியும் வீட்டு விலாசமும் பொதுப் பக்கத்தில் வேண்டா. வேலை தேடும் செய்தியை ஆள் தேர்வோர் மட்டும் காணுமாறு அமைக்கலாம். எனினும், இப்போதைய முதலாளியின் கண்ணுக்கு அது முற்றிலும் மறையும் என்று அச்சேவையே உறுதி கூறுவதில்லை. முகவரி ஏட்டைக் கேட்டால் மறுத்துவிடலாம். அதனால் உறுப்பினர் உரிமை குன்றாது. நம்மை நாம் அறிமுகம் செய்துகொள்வது நம் விருப்பம். நண்பரை அறிமுகப்படுத்துமுன் அவரைக் கேட்பது நம் கடமை.