தலைப்பிரசவ வீட்டுக்கு வரும் நர்ஸ்

1970-களின் தொடக்கத்தில், கல்லூரிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த டேவிட் ஓல்ட்ஸ், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஏழைக் குழந்தைகளுக்கான பகல்நேரக் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்தார். மூன்று, நான்கு வயதில் அங்கே வந்து சேர்ந்த பிள்ளைகள் சிலருக்கு அதற்குள் நடக்கக்கூடாததெல்லாம் நடந்து முடிந்திருந்தது: கர்ப்பத்தில் தாய் எடுத்துக்கொண்ட மதுவும் போதைப்பொருளும், பிறந்தபின் வாங்கிய அடியும். தொடங்குவதானால் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தொடங்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

1977-ல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா பகுதியில், கர்ப்பிணிகளின் வீட்டுக்கு நர்ஸை அனுப்பி அதைச் சோதித்தார். முதல் குழந்தையைச் சுமந்த 400 பெண்கள். பெரும்பாலோர் ஏழைகள், இளவயதினர் அல்லது துணையின்றி இருந்தவர்கள். யார் வீட்டுக்கு நர்ஸ் போவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை வருகை தொடர்ந்தது. ஏன் தலைப்பிரசவம்? பயமும் கேள்விகளும் அப்போதுதான் அதிகம், வருகிறவரிடம் மனம் திறந்து பேசவும் தோன்றும். அப்போது படிந்த பழக்கம் அடுத்தடுத்த பிள்ளைகளுக்கும் உதவும்.

வீட்டுக்கு வரும் நர்ஸ் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவதில்லை. எத்தனை சிகரெட், எப்போது கை அதைத் தேடுகிறது என்று கேட்பார். குழந்தை பிறந்ததும் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் முகத்தைக் கவனிக்கச் சொல்வார். கொஞ்சிக்கொண்டிருக்கும்போது குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால், ‘என்னைப் பிடிக்கவில்லை’ என்று 17 வயதுத் தாய் கலங்கிப்போகலாம். அது களைத்துவிட்டது, கொஞ்ச நேரம் விட்டால் தானே திரும்பிப் பார்க்கும் என்று சொல்லித்தர ஆள் வேண்டும். படிப்பு, வேலை, அடுத்த குழந்தை எப்போது என்பதும் அதே பேச்சில் வந்துவிடும்.

15 ஆண்டுகள் கழித்துப் பதிவேடுகளைப் புரட்டியபோது, நர்ஸ் வந்துபோன குடும்பங்களில் குழந்தைக் கொடுமை, புறக்கணிப்பு பற்றிய உறுதிசெய்யப்பட்ட புகார்கள் ஏறக்குறைய பாதிதான் இருந்தன. ஓர் ஊரில் கிடைத்த முடிவை நம்பிவிடாமல் ஓல்ட்ஸ் குழு 1990-களில் மெம்பிஸிலும் டென்வரிலும் மறுபடி சோதித்தது. என்னைக் கேட்டால் எல்மைரா முடிவைவிட இந்தப் பொறுமை பெரிது. எல்மைராவில் புகைபிடித்த பெண்களிடையே குறைப்பிரசவம் வெகுவாகக் குறைந்திருந்தது. மெம்பிஸில் அப்படி எதுவும் தெரியவில்லை. அங்கே கர்ப்பிணிகளில் புகைப்பவர்களே குறைவு. நர்ஸ் எதை விடச் சொல்வார்? ஆனால் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு குறைந்தது, குழந்தைகள் காயம்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களும் குறைந்தன.

டென்வரில் இன்னொரு கேள்வி சேர்ந்துகொண்டது: நர்ஸே வேண்டுமா? 735 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களை அனுப்பினார்கள். அவர்களாலும் பலன் கிடைத்தது. நர்ஸ்களால் கிடைத்ததில் ஏறத்தாழ பாதி. கணக்குப் பார்க்கும் அரசுகளுக்கு இது கசப்பான செய்திதான்.

பிறகு இதே திட்டம் இங்கிலாந்தில். 19 வயதுக்கு மிகாத 1,645 கர்ப்பிணிகளை வைத்து நடந்த பெரிய சோதனையின் முடிவு 2015-ல் வெளியானது. கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்தில் புகைத்தவர்கள் இரு குழுவிலும் 56 சதவீதம். குழந்தையின் எடையிலும் வேறுபாடு இல்லை. திட்டம் தோற்றுவிட்டது என்று அப்போது எழுதினார்கள். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஒப்பீட்டுக் குழுவில் இருந்த ஆங்கிலேயப் பெண் தனித்து விடப்பட்டவள் அல்லள். மருத்துவச்சி, குடும்ப மருத்துவர், வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர் என்று அரசு செலவில் எல்லோரும் அவளுக்கும் உண்டு. 1977-ன் எல்மைராவில் அவ்வளவு இல்லை. இப்படிச் சோதனைகள் அளப்பது நர்ஸின் திறமையை மட்டுமல்ல, நர்ஸ் வராத வீட்டுக்கு என்ன கிடைத்துக்கொண்டிருந்தது என்பதையும்தான். இதை வைத்து எல்லாத் தோல்விக்கும் சமாதானம் சொல்லவும் கூடாது: அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஏழைப் பெண்கள் 5,000 பேருக்கு மேல் பங்கேற்ற சோதனையிலும் குறைப்பிரசவம், எடைக்குறைவு போன்ற சிக்கல்கள் குறையவில்லை என்று 2022-ல் தெரியவந்தது.

அளப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டுக்குள் போகிறவர் கண்ணில் காயம் படும், அவர் புகார் செய்வார். யாரும் எட்டிப் பார்க்காத வீட்டுக் காயம் எந்த ஏட்டிலும் ஏறாது. இங்கிலாந்தில் நர்ஸ் போன குழுவில்தான் குழந்தைப் பாதுகாப்புப் பதிவுகள் கூடுதலாக இருந்தன.

கணவனோ காதலனோ கை ஓங்கும் வீடுகளின் கதை வேறு. எல்மைரா தரவுகளை மறுபடி அலசியபோது, அடி உதை மிகுந்த வீடுகளில் மட்டும் குழந்தைக் கொடுமையைக் குறைத்த அந்தப் பலன் காணவில்லை. அதற்கென்றே தனிப் பயிற்சி கொடுத்து, அமெரிக்காவில் 15 இடங்களில் நர்ஸ்களை அனுப்பிப் பார்த்தார்கள். 2019-ல் வந்த முடிவின்படி, அந்த நர்ஸ்கள் வந்துபோன தாய்மார்களின் வாழ்க்கைத் தரம் வழக்கமான வருகை பெற்றவர்களுடையதைவிட மேம்படவில்லை.