முற்றத்திலே ஒரு வானாராய்ச்சி

வானாராய்ச்சிக்குப் பெருஞ்செல்வமும் பெருங்கருவிகளும் வேண்டுமென்று பலர் எண்ணுகின்றனர். பண்டாரவளை வாசிகளாகிய நமக்கு அவ்வெண்ணம் வேண்டுவதில்லை. நமது ஊர் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 4,000 அடி மேலே, நிலநடுக்கோட்டிற்கு 7 பாகையளவு வடக்கே அமைந்துள்ளது. ஆதலின் வைகாசிப் பிற்பகுதியில், இரவு 8 மணியளவில், தெற்கே திரிசங்கு எனப்படும் தென்சிலுவையையும், குன்றுகள் மறைக்காத இடத்தில் வடக்கே அடிவானையொட்டித் துருவ நட்சத்திரத்தையும் ஒருங்கே காணலாம். இலண்டன் வாசிக்கு முன்னதும் சிட்னி வாசிக்குப் பின்னதும் தம் ஊரில் கிட்டுவதில்லை.

படம் பிடிப்பதும் அரிதன்று. கமெராவையோ கைத்தொலைபேசியையோ அசையாதபடி முக்காலியில் நிறுத்தி, 10 விநாடி ஒளி புகவிட்டால், கண்ணுக்குப் புலனாகாத விண்மீன்களும் பதியும். கமெராவில் நேரத்தை நீட்டினால் அவை கோடுகளாகும். பூமி 4 நிமிடத்திற்கு 1 பாகை வீதம் சுழல்வதே காரணம். அச்சுழற்சியை ஒரு சிறுவன் தானே கண்டு தெளிவதற்கு இதனினும் எளிய வழி யாது?

கண்டதைப் பிறருக்குக் காட்டுதலே இக்கலையின் பயன். சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார், 1874ஆம் ஆண்டில் வெள்ளி கதிரவனைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்களும் விளங்கிக்கொள்ள இந்திய மொழிகளில் நூல் எழுதினார். பகலெல்லாம் கொழுந்து பறித்த தாயும் பள்ளிப் பிள்ளையும் லயத்து வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கும் அரைமணி நேரமும் ஒரு பாடசாலையேயன்றோ?

வேண்டுகோள் ஒன்றுண்டு. பெருகிவரும் மின்விளக்குகள் விண்மீன்களை மறைக்கின்றன. அவற்றிற்கு மேல்மூடியிட்டு ஒளியை நிலத்தின்பால் திருப்புவோம். தேயிலை நிலம் பிறருடையதாயினும், அதன் மேலுள்ள வானம் நம் பிள்ளைகளுக்கும் உரியது.