சேலத்துக்கு வந்தவர்கள், நாமக்கல்லிலிருந்து போனவர்கள்

காவிரிப் பிரச்சினை என்றதும் பத்திரிகைக்காரர்கள் தஞ்சாவூருக்கு ஓடுவார்கள். வெடித்த வயல், வாடிய பயிர், வானத்தைப் பார்க்கும் விவசாயி. நாமக்கல் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் பெங்களூரில் முதல் கல் விழுந்தால் அன்று ராத்திரி தூக்கம் கெடுவது இங்கேதான். கர்நாடகத்தின் ஏதோ ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில் இந்த ஊர் லாரி நிற்கும். உள்ளே இந்த ஊர்ப் பையன் உட்கார்ந்திருப்பான். 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் ஒரே இடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் கொளுத்தப்பட்டன. சேலத்தில் வளர்ந்த கே.பி.என். நிறுவனத்தின் பேருந்துகள் அவை. அந்த நாட்களில் அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் நடுவே ஜனங்கள் குழந்தையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நடந்தே எல்லையைக் கடந்தார்கள்.

அடுத்தவர் வாசலில் பிழைக்கிற சீமை இது. லாரி, டேங்கர், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி, முட்டை, கொலுசு, ஜவ்வரிசி என்று எதை எடுத்தாலும் காசு வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். அப்படிப்பட்ட சீமை தன் வாசலுக்கு வந்தவர்களை எப்படி வைத்திருக்கிறது என்று கேட்பது நியாயம்தானே?

முதலில் எல்லையைப் பற்றி. இங்கே அது ஓரிடத்தில் நின்றதே இல்லை. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். அதுவரை இது மைசூர்ச் சீமை. 1965இல் தருமபுரி பிரியும் மட்டும் சேலம் மாவட்டம் ஓசூர் வரை நீண்டிருந்தது. 1997இல் நாமக்கல்லும் தனி மாவட்டமானது. இத்தனை வெட்டுக்குப் பிறகும் மேட்டூருக்கு அப்பால், காரைக்காடு சோதனைச்சாவடியில், சேலம் மாவட்டம் கர்நாடகத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வழியாகத்தான் நம்மவர்கள் மாதேஸ்வரன் மலைக்குப் போகிறார்கள். சாமி கர்நாடகத்தில் இருக்கிறதே என்று யாரும் வேண்டுதலை மாற்றிக்கொண்டதில்லை.

மைசூர்க் கோடு வடக்கே தள்ளிப் போனது. வந்த ஜனம் போகவில்லை. சேலத்துத் தறிக்காரத் தெருக்களில் தேவாங்கர் வீட்டுக்குள் கன்னடம், சௌராஷ்டிரர் வீட்டுக்குள் சௌராஷ்டிரம், இன்னொரு வாசலில் தெலுங்கு. வெளியே வந்தால் எல்லோர் வாயிலும் சேலத்துத் தமிழ். இவர்களை விருந்தாளிகள் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். நியாயம். சேலம் பட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கைகளில் இவர்களுடையவையும் உண்டு.

சினிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தலாக இருக்கும், பரவாயில்லை. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் வெளிவந்தது. எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். முதலாளி டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், இயக்குநர் நொட்டானி வடக்கத்திக்காரர். முதல் மலையாள வண்ணப்படம் ‘கண்டம்பெச்ச கோட்டு’, 1961இல் வந்தது. அதுவும் இந்த நிறுவனத்தின் தயாரிப்புதான். நடுவில் தெலுங்கு, கன்னடம், சிங்களம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’யின் கூட்டத்தைப் பாருங்கள்: வசனம் திருக்குவளை கருணாநிதி, கதாநாயகன் கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆர்., இயக்கம் அமெரிக்காக்காரர் எல்லிஸ் ஆர். டங்கன். கடைசியில் படத்தை முடித்துக் கொடுத்தவர் சுந்தரமே. இவர்கள் எல்லோரையும் சேர்த்துவைத்தது சேலம் ஏற்காடு ரோடு. பலர் மாதச் சம்பளத்துக்கு இங்கேயே தங்கி வேலை பார்த்தார்கள். சுந்தரம் கண்டிப்புக்குப் பேர்போனவர். எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் நேரத்துக்கு வந்தாக வேண்டும். எந்த ஊர், என்ன பாஷை என்பதைவிட வேலை தெரியுமா என்பதே அங்கே கேள்வி. இன்று மிஞ்சியிருப்பது ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு மட்டும்.

ஜவ்வரிசிக் கதையும் இதே மாதிரிதான். இரண்டாம் உலகப் போரில் கீழ்த்திசை நாடுகளிலிருந்து சரக்கு வருவது நின்றது. 1943 வாக்கில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், மலேயாவில் அந்தத் தொழிலைத் தெரிந்துகொண்டு வந்த பொப்பட்லால் ஷாவோடு சேர்ந்து, குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். கிழங்கு தென்னமெரிக்காவில் பிறந்து கேரளத்தில் செழித்தது, தொழில் மலேயாவுடையது, கூட்டாளி பெயரிலேயே குஜராத் இருக்கிறது. 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் விரத நாளன்று கிண்டும் சாபுதானா கிச்சடிக்கு இங்கிருந்துதான் மூட்டை மூட்டையாகப் போகிறது. நாமோ பாயசத்தோடும் வடகத்தோடும் நிறுத்திக்கொள்கிறோம்.

ஆக, சேலத்து உபசாரத்தில் எப்போதும் கொஞ்சம் கணக்கு உண்டு. அதில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆளை நிறுத்தி வைப்பது வேலையும் கூலியும்தான். வெறும் புன்னகையை நம்பி யாரும் குடியேறுவதில்லை.

வீட்டு உபசாரம் வேறு. திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்துக் கிராமங்களில் வாசலேறியவர் கையில் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் வரும். “தண்ணி குடிங்க” என்ற பிறகுதான் “என்னங்க சமாச்சாரம்?” சின்னப் பையனுக்கும் ‘ங்க’ போட்டுப் பேசுகிற பிரதேசம். ஆனால் அந்தச் சொம்பு எல்லோருக்கும் நீண்டதில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். 1925 பிப்ரவரியில் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். திறந்து வைத்தவர் பெரியார். சாதி வித்தியாசம் பாராமல் அங்கே சேர்ந்து வாழ்ந்ததைச் சுற்றுவட்டாரம் லேசில் ஏற்கவில்லை. மலேயாவிலிருந்து வந்த தொழிலை மடியில் வைத்துக்கொண்ட சீமை, பக்கத்துத் தெருக்காரரைத் திண்ணையில் உட்காரவைக்க யோசித்தது.

இப்போது வந்திருப்பவர்கள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளத்துப் பிள்ளைகள். கோழிப்பண்ணையில், சேகோ ஆலையில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில், வெல்ல ஆலையில் அவர்கள் இல்லாமல் வேலை நகராது. 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரைத் தமிழகத்தில் அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் கிளம்பியபோது அரசும் முதலாளிகளும் ஓடி ஓடி மறுத்தார்கள். அந்த மறுப்பு உண்மைதான். ஆனால் இரண்டு மாதத்தில், மே மாதம், நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையம் பக்கத்தில் வெல்ல ஆலைக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த வடமாநிலத் தொழிலாளர்கள் மீது யாரோ தீ வைத்தார்கள். தீக்காயம் பட்டதில் உயிரும் போனது. அதற்கு முன் அந்தப் பகுதியில் ஒரு பெண் கொலையானதும், பழி வெளியூர் ஆட்கள் பக்கம் திரும்பியதும் பின்னணி. போலி வீடியோவை மறுத்த வேகம் இந்த நெருப்பைப் பற்றிப் பேசுவதில் இல்லை. பெங்களூரில் பேருந்து எரிந்தபோது, பிழைக்கப் போன பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்று நாம் கேட்டதையே அவர்கள் ஊரில் ஒரு தாய் கேட்டிருப்பாள்.

தீயைவிட அன்றாடத்தைப் பார்ப்பது எனக்கு முக்கியம். ஆலை ஓரத்துத் தகரக் கொட்டகையில் எத்தனை பேர் தங்குகிறார்கள், பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? வெளிமாநிலத்தில் லாரி நிறுத்தும் நம் டிரைவர் அங்கே எதிர்பார்ப்பதும் இதே அளவுதான்: படுக்க பயமில்லாத இடம், வழக்கு என்றால் காது கொடுக்கும் ஒரு போலீஸ்காரர்.

இதற்குள் வந்தவர் யார், போனவர் யார் என்ற கணக்கும் குழம்பத் தொடங்கிவிட்டது. போர்வெல் வண்டிகளில் குழாய் தூக்க உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை. பல வண்டிகளில் வடமாநிலப் பையன்கள்தான் ஏறுகிறார்கள். வண்டி மத்தியப் பிரதேசத்துக்கோ சத்தீஸ்கருக்கோ போய், சில சமயம் அவர்கள் சொந்த ஜில்லாவிலேயே போர் போடுகிறது. எந்த ஊர் வண்டி என்று அங்கே கேட்டால் அந்தப் பையன்கள் சொல்ல வேண்டிய பெயர் திருச்செங்கோடு.