வாபஸ் வாங்கிய வழக்கு: செலவு யார் தலையில்?

பக்கத்து வீட்டுக்காரர் பாதைத் தகராறில் உங்கள் மேல் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார் என்று வையுங்கள். வக்கீல் வைத்து எதிருரை தாக்கல் செய்து, வாய்தா வாய்தாவாக நாலு வருடம் அலைந்தாகிவிட்டது. ஒரு நாள் காலை வழக்கைக் கூப்பிட்டதும் வாதியின் வக்கீல் ஒரு மெமோவை நீட்டுகிறார். வழக்கை மேற்கொண்டு நடத்த விரும்பவில்லையாம். ‘நாட் பிரஸ்டு’ என்று பதிவாகி, ‘செலவுத்தொகை இல்லை’ என்ற இரண்டே சொல்லோடு வழக்கு தள்ளுபடி. எல்லாம் இரண்டு நிமிடம். நீங்கள் கொடுத்த வக்கீல் பீஸ், நகல் எடுத்த காசு, கூலியை விட்டுவிட்டு வந்து நின்ற நாட்கள்?

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23-ஆம் கட்டளை, 1-ஆம் விதிப்படி, வாதி எப்போது வேண்டுமானாலும் வழக்கைக் கைவிடலாம். உங்கள் சம்மதம் தேவையில்லை. ஆனால் நீதிமன்றம் விதிக்கும் செலவுத்தொகைக்கு அவர் பொறுப்பு. அதே விவகாரத்துக்காக மறுபடி வழக்குப் போடவும் முடியாது. ஒற்றை வரி மெமோவில் கையெழுத்துப் போடும் வாதிகளில் பலருக்கு இந்த இரண்டாவது விளைவு தெரிவதே இல்லை.

‘நீதிமன்றம் விதிக்கும்’ என்பதைக் கவனியுங்கள். தொகை தானாக வந்து சேராது. இங்கிலாந்தில் விலகும் வாதிதான் செலவைத் தர வேண்டும் என்பதே பொது விதி. வேண்டாமென்றால் அவர்தான் நீதிமன்றத்தை நாட வேண்டும். நம்மூரில் அது நீதிபதியின் விருப்புரிமை. ஆனாலும், தோற்றவர் செலவு தர வேண்டியதில்லை என்று முடிவெடுத்தால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும் என்கிறது 35-ஆம் பிரிவு. பிரதிவாதி தரப்பு வாய் திறக்காதபோது அந்தக் காரணத்தை யார் தேடப்போகிறார்கள்?

வாதி, புதிதாக வழக்குப் போட அனுமதியோடு விலகக் கேட்டால் நிலைமை வேறு. அரசுக்கு முன்னறிவிப்பு கொடுக்காமல் வழக்குப் போட்டது போன்ற முறைக் குறைபாடோ, தகுந்த வேறு காரணமோ இருக்க வேண்டும். அப்போது செலவுத்தொகையைக் கட்டிவிட்டுத்தான் புது வழக்கு என்று நீதிமன்றம் நிபந்தனை போடலாம். நீங்கள் அழுத்திக் கேட்க வேண்டிய இடம் இது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் இந்த அனுமதியைக் கேட்டு ஓடுவதும் உண்டு. தமிழ்நாட்டு வழக்கொன்றில் இரண்டாம் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் கொடுத்த இப்படிப்பட்ட அனுமதியை 2000-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அனுமதி கிடைத்தாலும் காலக்கெடு நீளாது. முதல் வழக்கே போடாதது போலத்தான் கணக்கு.

சரி, எவ்வளவு கிடைக்கும்? இங்கேதான் மனம் கசக்கிறது. நோட்டீஸ், தட்டச்சு, சாட்சிப் படி, ஆவணப் பார்வைக் கட்டணம் எல்லாம் கணக்கில் வரும். வக்கீல் பீஸ் நீங்கள் கொடுத்தபடி வராது, விதியில் உள்ள அளவுக்குத்தான் வரும். பொய் வழக்கு என்று நிரூபித்தாலும் 35ஏ பிரிவின் ஈட்டுத்தொகை அதிகபட்சம் 3,000 ரூபாய். இது மிகக் குறைவு, உயர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லியாயிற்று. 2015-க்குப் பிறகு வணிக வழக்குகளுக்கு மட்டும் இந்த உச்சவரம்பு இல்லை. பாதைக்கும் வரப்புக்கும் போராடுகிறவருக்கு இன்னும் அதே 3,000.

சமரசமாகி முடிந்தால் செலவைப் பற்றி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாதிக்கும் ஒரு லாபம் உண்டு. தமிழ்நாட்டில் 2017 முதல் நீதிமன்றக் கட்டணம் நூற்றுக்கு 3 ரூபாய். 5 லட்சம் கேட்கும் பண வழக்குக்கு 15,000. சமரசமானால் அது முழுவதும் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களே பேசி முடித்தாலும் கிடைக்கும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறுமனே கைவிட்டால் இந்தச் சலுகை கிடையாது.

எதிர்த்தரப்பு வாபஸ் வாங்கப் போகிறது என்று காதில் விழுந்தால், அடுத்த வாய்தாவுக்கு முன்பே ரசீதுகளையும் செலவுப் பட்டியலையும் வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். மெமோ பதிவாகும் முன்பு அவர் எழுந்து கேட்க வேண்டும்.