எஞ்சியிருந்த இரு கைகள்

வேலூர் என்றதும் கோட்டையும் 1806-ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியும் நம் நினைவுக்கு வரும். வரலாற்றுப் பாடம் நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது. அதே ஊரில், ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், ஒரு பெண் தம் உடலோடு நடத்திய நெடும் போராட்டம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

டாக்டர் மேரி வர்கீஸ் 1925-இல் கேரளத்தில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்று அங்கேயே பணிபுரிந்தார். மகளிர் மருத்துவத்தில் சிறப்புத் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவரது ஆசை. 1954 ஜனவரியில், உடன் பணிபுரிந்தவர்களோடு சுற்றுலா சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்தில் கடுங்காயம். முதுகுத் தண்டிலும் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் அற்றுப் போயின. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

முதுகுத் தண்டின் உள்ளே செல்லும் நரம்புத் தொகுதி மூளைக்கும் உடலுக்கும் இடையே உள்ள தந்திக் கம்பி போன்றது. அது அறுபட்டால், உடைந்த எலும்பு கூடுவது போல் மறுபடி கூடுவதில்லை. கால்கள் உயிரோடுதான் இருக்கும். செய்திதான் போய்ச் சேராது. கால்கள் அசையாமற் போவது நம் கண்ணுக்குத் தெரியும் இழப்பு. கண்ணுக்குத் தெரியாத இழப்பும் ஒன்று உண்டு. மாணவியரே, வகுப்பில் பெஞ்சில் அமர்ந்திருக்கும்போது உங்களை அறியாமலேயே எத்தனை முறை அசைந்து உட்காருகிறீர்கள்! உறக்கத்திலும் புரண்டு படுக்கிறோம். ஒரே இடத்தில் உடலின் பாரம் அழுத்தினால் அங்கே இரத்த ஓட்டம் தடைப்படும், உடனே உடல் வலியால் எச்சரிக்கும், நாம் அசைவோம். உணர்வற்ற உடலுக்கு அந்த எச்சரிக்கை வராது. அழுத்தப்பட்ட தோல் அழுகிப் படுக்கைப்புண் ஆகும். அது உயிரையே பறிக்கலாம்.

ஆகவே, இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாரேனும் புரட்டி விட வேண்டும். சக்கர நாற்காலியில் அமர்ந்தால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரு கைகளையும் ஊன்றித் தம் உடலைத் தாமே தூக்கி இறக்க வேண்டும். நாள்தோறும் கண்ணாடி வைத்து முதுகின் தோலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பு உடல் கேளாமலேயே செய்துகொண்டிருந்ததை, இனி நினைத்து நினைத்துச் செய்ய வேண்டும்.

இழப்புக்குப் பின் வரும் வாழ்க்கை எல்லோருக்குமே ஏறத்தாழ இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தாயை இழந்த வீட்டில், மறுநாள் காலை தயிர் இல்லாதபோதுதான், இரவுதோறும் பாலுக்கு உறை ஊற்றிய கை எது என்று தெரிகிறது. தானாக நடந்தவை எல்லாம் நின்றுவிடுகின்றன. இனி ஒருவர் மனம் வைத்துச் செய்தால்தான் உண்டு. துக்க வீட்டுக்குச் செல்லும் நாம், 'எல்லாம் நன்மைக்கே' என்று விரைவாகச் சொல்லிவிட்டுத் திரும்புகிறோம். அந்தச் சொல் எனக்கு உவப்பானதன்று. உறை ஊற்ற ஆள் இருக்கிறதா என்று கேட்பதே மேல்.

மேரி வர்கீஸிடம் அப்படிக் கேட்டவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் பணியை வேலூரில் 1940-களின் பிற்பகுதியில் தொடங்கியவர் அவர். கைகளில் செய்யும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? மேரிக்கு இழந்தவை கால்கள், கைகள் இருந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்து அந்த அறுவைகளை அவர் செய்யலானார்.

அந்த அறுவையைச் சற்று விளக்க வேண்டும். தொழுநோய் நரம்பைத் தாக்கும்போது கையிலுள்ள சிறு தசைகள் செயலிழந்து, விரல்கள் பறவையின் நகம்போல் வளைந்துவிடும். செத்த தசைக்கு உயிர் கொடுக்க முடியாது. ஆனால் விரலை மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. அவற்றில் ஒன்றை எடுத்து, நான்காகப் பிளந்து, நான்கு விரல்களுக்கும் தைத்துவிடுவது அந்நாளில் கையாண்ட முறைகளுள் ஒன்று. சில வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் கை தானாக இயங்கிவிடாது. ஒரு விரலை மடக்கிப் பழகிய தசைக்கு இப்போது வேறு வேலை. அதை நோயாளி பொறுமையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அறுவை ஒரு நாளில் முடியும். பழக்கம்தான் நாளெடுக்கும்.

மேரியும் கற்றுக்கொள்ளப் புறப்பட்டார். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகர மருத்துவமனையில், பிறர் உதவியைக் கூடிய மட்டும் எதிர்பாராமல் இயங்கப் பயிற்சி பெற்றார். இத்தகைய பயிற்சி தமக்கு மட்டும் கிடைத்தால் போதுமா? நம் நாட்டில் மரத்திலிருந்தும் கிணற்றிலும் விழுந்து முதுகு ஒடிந்தவர்கள் எத்தனை பேர்! நியூயார்க் சென்று, டாக்டர் ஹோவர்டு ரஸ்க்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1960-களின் தொடக்கத்தில் வேலூர் திரும்பி அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகு ஒடிந்து வருவோர் அங்கேயே தங்கி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது முதல் பிழைப்புக்கு ஒரு தொழில் வரை பழகலாயினர். புதிதாக வரும் நோயாளி தம் மருத்துவரைப் பார்க்கிறார். அவரும் சக்கர நாற்காலியில் இருக்கிறார்! நெடுநேரம் ஆறுதல் சொல்ல வேண்டிய தேவை அங்கே இருந்திருக்காது.

அமெரிக்க எழுத்தாளர் டாரதி கிளார்க் வில்சன் 1963-இல் இவரது வரலாற்றை நூலாக்கினார். 'என் கைகளை எடுத்துக்கொள்ளும்' என்பது அதன் தலைப்பின் பொருள். 1972-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-இல் மறைந்தார். அதுவரை அவர் கால்கள் நடக்கவே இல்லை.

பாகாயத்தில் பயிற்சி பெற்று ஊர் திரும்பியவர்களை 'ரீஹேப் மேளா' என்ற பெயரில் மறுபடி ஒன்றுகூட்டும் வழக்கம் உண்டு. தோலில் புண் இருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்க்கிறார்கள். பிறகு சக்கர நாற்காலிப் பந்தயம் நடக்கிறது.